சக்கரத்துக்கும் கடைக்கும் நடுவே

28 அங்குலம் என்று பக்கவாட்டில் அச்சிட்ட டயர்கள் எல்லாம் ஒரே அளவு என்று நம்புகிறவர் சைக்கிள் கடைக்குப் புதியவராகத்தான் இருப்பார். ஹெர்குலஸ், அட்லஸ் போன்ற பழைய கனத்த வண்டிகளின் டயர் 28 × 1½. அது ரிம்மில் வந்து அமரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. சேற்றுப் பந்தயத்துக்கான சைக்ளோகிராஸ் வண்டியின் டயரையும் பல கம்பெனிகள் 28 என்றே குறிக்கின்றன. ஆனால் அது அமரும் விட்டம் 622 மி.மீ. விட்டத்தில் 13 மி.மீ. வித்தியாசம்; ஆரத்தில் ஆறரை. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரோடு ரிம்மையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றால் பிரேக் கட்டை ரிம்மை எட்டாது, ஆறரை மி.மீ. தள்ளி நின்று வெறும் காற்றைப் பிடிக்கும். 26 அங்குலத்தின் கதை இன்னும் மோசம். பழைய 26 × 1⅜ டயருக்கு 590, மலைச் சைக்கிளின் 26 அங்குல டயருக்கு 559. எண் ஒன்று, சக்கரம் வேறு. கடைக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய டயரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சரியானதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் யோசிக்க யோசிக்க இந்த ஆறரை மி.மீ. வேறொரு கணக்கைக் கேட்கத் தொடங்குகிறது. வண்டியில் ஒரு பாகத்தை மாற்றும்போது மாறுவது அந்தப் பாகம் மட்டும்தானா? அதைத் தொட்டுச் சரிசெய்யத் தெரிந்த கைகள், அந்தக் கைகள் இருக்கும் ஊர், அந்த ஊருக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்பதெல்லாமும் கூடவே மாறிவிடுகின்றனவே.

தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டுக்கும் சைக்ளோகிராஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அந்த வண்டிக்கென்று தமிழ்நாட்டில் ஒரு நிலத்தைத் தேடினால், கண்டமனூர் தாண்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு, வாலிப்பாறை என்று மூல வைகையைத் தொட்டும் விட்டும் போகும் இந்தப் பள்ளத்தாக்கு முதல் வரிசையில் வரும். தார்ச்சாலை ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதை விட்டு இறங்கினால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டித்தடம். அதற்கு மேலே இலவ மரமும் கொட்டைமுந்திரியும் நிற்கும் சரிவுகளில் சரளைக்கல். ஆற்றில் இறங்கினால் மணல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை எல்லாமே சேறு. தார், சரளை, மணல், சேறு நான்கையும் ஒரே பயணத்தில் கடக்க வேண்டும் என்றால் பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் போதாது, மலைச் சைக்கிளின் கனமும் வேண்டியதில்லை. சைக்ளோகிராஸ் வண்டி நிற்பது இவை இரண்டுக்கும் நடுவில். பார்வைக்குப் பந்தயச் சைக்கிள், வளைந்த கைப்பிடி. ஆனால் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் சேறு அப்பினாலும் சக்கரம் சுற்ற இடம் விட்டிருப்பார்கள். டயரில் குமிழ்கள் இருக்கும். பன்னாட்டுச் சைக்கிள் சங்கத்தின் விதிப்படி பந்தய டயரின் அகலம் 33 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

இந்த விளையாட்டு பிரான்சில் பிறந்தது. 1902இல் அங்கே முதல் தேசியப் போட்டி நடந்தது. 1950இல் பாரிஸில் நடந்த முதல் உலகப் போட்டியை வென்ற ழான் ரோபிக், 1947இல் டூர் டி பிரான்ஸை வென்றவர். இன்று பெல்ஜியமும் நெதர்லாந்தும்தான் அதன் கோட்டைகள். மூன்று கிலோமீட்டர் அளவுள்ள பாதையை ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். 40 செ.மீ. வரை உயரமுள்ள பலகைத் தடுப்பு வந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டலாம். செங்குத்து மேடு என்றால் வண்டியைத் தோளில் போட்டு ஓட வேண்டியதுதான். சைக்கிளைச் சுமப்பதும் பந்தயத்தின் ஒரு பகுதி என்பதால் எடையைக் குறைக்கும் வெறி இங்கே கொஞ்சம் நியாயமானதாகவே தோன்றும்.

ஆனால் தொலைக்காட்சியில் அந்தப் பந்தயத்தைப் பார்க்கிறவர் கண் பெரும்பாலும் தவறவிடும் ஓர் இடம் உண்டு. பாதையோரத்தில் கயிறு கட்டிப் பிரித்த பிட். சேறு அப்பிய வண்டியை ஓட்டக்காரர் அங்கே விட்டுவிட்டு, கழுவித் துடைத்து எண்ணெயிட்ட இன்னொன்றில் ஏறிப் போய்விடுவார். விட்ட வண்டியை மெக்கானிக் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, செயினைப் பார்த்து, அவர் திரும்பி வருவதற்குள் தயாராக நிறுத்துவார். சேறு மிகுந்த நாளில் சுற்றுக்குச் சுற்று வண்டி மாறும். கார்பன் ரிம், அதில் பசை தடவி ஒட்டிய டியூபுலர் டயர், அதில் மிகக் குறைந்த காற்று என்பதெல்லாம் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் உருவானவை. டியூபுலரில் டியூப் உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். பஞ்சரானால் பாதையோரத்தில் உட்கார்ந்து ஒட்ட முடியாது. புதிதாக ஒட்டுவதற்கும் பசையைப் பூசிக் காயவைத்து மறுபடி பூசி என்று ஒரு நாளுக்கு மேல் ஆகும். பந்தயக்காரருக்கு அதனால் நட்டமில்லை, கூப்பிடு தூரத்தில் இன்னொரு வண்டி இருக்கிறது. அந்தப் பாகங்களின் துணிச்சலெல்லாம் பிட்டிடம் கடன் வாங்கியது. கடையில் பாகம் மட்டும்தான் விற்பனைக்கு வருகிறது, பிட் வருவதில்லை. வாலிப்பாறைக்கு அப்பால் ஒரு கார்பன் ரிம் கல்லில் மோதி விரிசல் விட்டால், வண்டியைத் தோளில் போட்டு நடப்பது விளையாட்டாக இருக்காது.

அப்படியானால் இந்தப் பள்ளத்தாக்கின் பிட் எது? பழைய சைக்கிள் கடைதான். இப்போது பெரும்பாலும் இருசக்கர வாகனப் பஞ்சர் கடையாக மாறி, ஓரத்தில் சைக்கிளையும் பார்க்கும் கடை. 1980இல் வந்த டிவிஎஸ் 50 மூட்டை சுமக்கும் வேலையைச் சைக்கிளிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டது. கடைகளும் அதன் பின்னாலேயே போய்விட்டன. அங்கே இன்னும் கோட்டம் எடுப்பார்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம் எந்த இடத்தில் ஒதுங்கி வருகிறது என்று கட்டைவிரலால் தொட்டுக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்துப் போக்ஸ் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியை இறுக்குவார்கள். கம்பி இழுபட்டிருக்கும் அளவைச் சுண்டிப் பார்த்துச் சத்தத்தில் அறிவார்கள். ஜாப்ஸ்ட் பிரான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். பாரம் ஏறும்போது மேலுள்ள கம்பிகளில் சக்கரம் தொங்குவதில்லை, தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகளின் இழுவை குறைந்து அவற்றின் மேல்தான் அது நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கேட்பவர் முதலில் நம்ப மாட்டார். கோட்டம் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாவிட்டாலும், தளர்ந்த கம்பி பாரத்தில் முறியும் என்பது தெரியும். பழைய வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரமெல்லாம் பின்னால் என்பதால் இந்தப் பாகுபாடு. ஒன்று முறிந்தாலும் மீதி முப்பத்தொன்பது வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும். பந்தயச் சக்கரத்தில் 24 கம்பி, சிலவற்றில் அதற்கும் குறைவு. ஒன்று முறிந்தால் ரிம் வளைந்து ஃபோர்க்கில் உரசத் தொடங்கிவிடும்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் பழைய வண்டியைக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது போல் ஆகிவிடும். அதற்கு அது அத்தனை தகுதியுள்ளது இல்லை. குரோம் முலாம் பூசிய இரும்பு ரிம்மும் கம்பி பிரேக்கும் மழையில் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. சரிவில் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியவர்களின் செருப்புகள் சாட்சி. எடை இருபது கிலோவைத் தாண்டும். 635 என்ற அளவு இன்றுவரை நிலைத்திருப்பது அதன் மேன்மையால் இல்லை. மாற்ற வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை என்பதால்தான். 1949இல் சென்னையில் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், 1951இல் சோனிபட்டில் வந்த அட்லஸ், 1956இல் லூதியானாவில் வந்த ஹீரோ மூன்றும் ஏறத்தாழ ஒரே அச்சில் வண்டிகளை வார்த்தன. எந்த ஊர்க் கடையிலும் எந்த வண்டிக்கும் பாகம் கிடைத்தது. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாததன் மறுபக்கம் அது. பழுது பார்க்கும் சுதந்திரம் என்று இன்று ஏக்கத்தோடு சொல்லப்படுவது அன்றைக்கு வறுமையின் இன்னொரு முகமாக இருந்திருக்கலாம். இந்தச் சந்தேகத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடிவதில்லை.

புதுக்கோட்டையில் நடந்தது இந்தச் சந்தேகத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் பெருங்கூட்டமாகச் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்களுக்கான குறுக்குக் கம்பி இல்லாத வண்டிகள் போதவில்லை. கிடைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டிப் பழகினார்கள். அதிலும் சிலர் பிறகு அந்த ஆண்கள் வண்டியே மேல் என்றார்கள், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று. பெண்ணுக்கு ஏற்றது என்று ஒரு தொழிற்சாலை தீர்மானித்த வடிவம் ஒன்று; ஓட்டுகிறவர் தம் தேவையிலிருந்து கண்டெடுத்த மேம்பாடு வேறு. பாகம் எதுவும் மாறவில்லை. இருந்த கம்பிக்கு வேறு வேலை கிடைத்தது.

கிராம்களின் கணக்கு இந்த இடத்தில்தான் கொஞ்சம் வேடிக்கையாகிறது. சக்கரத்தில் குறையும் ஒரு கிராம், சட்டத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்று விற்பவர்கள் சொல்வது வழக்கம். பொய் இல்லை. ரிம்மில் இருக்கும் எடையை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்பதால், வேகத்தைக் கூட்டும் தருணத்தில் அது இரட்டிப்பாகக் கணக்கில் வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மறுபடி வேகமெடுக்கும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. சீரான வேகத்தில் மலையேறும்போது அது ஒருமுறைதான் எண்ணப்படும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், விலையுயர்ந்த சக்கரம் வாங்கி அரைக் கிலோவைக் குறைத்தவர் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சப்படுத்துவது இருபது வினாடிக்குச் சற்று மேல். கிளம்பும் முன் குடிக்காமல் விட்ட அரை லிட்டர் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அதை யாரும் பெட்டியில் போட்டு விற்க முடியாது.

டயர் கதை வேறு. விலையில் மிகச் சிறியது, பயனில் மிகப் பெரியது. இந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிளின் முதல் எதிரி கல் இல்லை, சீமைக் கருவேல முள். நீளமானது, காய்ந்தால் ஆணிக்கு நிகர். டியூபில் ஓட்டை விழுந்தால் ஊர்க்கடைக்கு அது ஒரு வேலையே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழியைப் பார்த்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுவார்கள். டியூப்லெஸ் டயர் அந்த வேலையையே இல்லாமல் செய்துவிடுகிறது. உள்ளே ஊற்றிய ரப்பர்ப் பால் கலந்த திரவம் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். முள் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான மேம்பாடு கிடைப்பது அரிது. ஆனால் அந்தத் திரவம் வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் கேரளம். ரப்பர் வாரியத்தின் தலைமையகம் இருக்கும் கோட்டயம் அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான். பால் வடிவது அங்கே, அதைப் புட்டியில் அடைத்து வருவது எங்கிருந்தோ. வால்வும் மாறிவிடும். பழைய வண்டியின் வால்டியூப் ஒரு துண்டு ரப்பர், எந்தக் கடையிலும் கிடைக்கும். மெல்லிய பிரஸ்டா வால்வில் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் வாய் பொருந்தாது. சட்டைப்பையில் ஒரு சிறிய பித்தளை அடாப்டர் இருந்தால் பொருந்தும். வண்டிக்கும் கடைக்கும் நடுவிலுள்ள தூரம் இங்கே அந்தப் பித்தளைத் துண்டின் நீளம்தான். எல்லாத் தூரங்களும் இப்படிக் குறுகிவிடக் கூடாதா என்று தோன்றுகிறது.

சில அளவுகள் ஆச்சரியப்படும்படி மாறாமலே இருக்கின்றன. ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளைச் செயினை வடிவமைத்தார். சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே அரை அங்குலம் என்ற அளவு நூறாண்டு கடந்தும் அப்படியே நிற்கிறது. ஒற்றைப் பல்சக்கர வண்டியிலும் அதுதான், பன்னிரண்டு பல்சக்கர வண்டியிலும் அதுதான். அகலம் மட்டும் ஒடுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய வண்டியில் ஏற்றத்துக்குச் செய்யக்கூடிய மிக மலிவான மேம்பாடும் இந்த மாறாத அளவின் புண்ணியம்தான். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 22 பல் போட்டால் நாலரை மீட்டர். வேகம் குறையும், மூச்சு மிஞ்சும். ஜப்பானின் சகாய் நகரத்தில் 1921இல் ஷிமானோ ஷோசாபுரோ தொடங்கிய பட்டறையின் முதல் பொருளும் ஃப்ரீவீல்தான். அதே ஷிமானோவின் இன்றைய பல்சக்கரத் தொகுதியை வேறு கம்பெனிகளான ஸ்ராமின் எக்ஸ்டிஆர் ஹப் அச்சிலோ கம்பக்னோலோவின் அச்சிலோ நேரே மாட்ட முடியாது. ஷிமானோவின் இரண்டு வகைகளே ஒன்றில் ஒன்று ஏறாது. ஆக, ஒரு சக்கரத்தை வாங்குகிறவர் தெரியாமலே ஒரு கம்பெனியின் பல்சக்கரத்தையும், அதனோடு செயினையும், அதனோடு கியர் மாற்றும் கைப்பிடியையும் சேர்த்து வாங்குகிறார்.

விட்டெறிந்த பாகங்கள் வேறு வாசல் வழியாகத் திரும்பி வருவதும் உண்டு. டயரில் உரசி எரியும் டைனமோவை இந்தியச் சைக்கிள்கள் கைவிட்டு நெடுநாளாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பேட்டரியும் இல்லாதபோது, சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் வானொலி கேட்டார்கள். செய்தி முடியும்வரை யாராவது ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குப் போகிறவர்கள், இரவு முழுக்க வெளிச்சம் வேண்டும் என்பதற்காக, சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே டைனமோ வைத்த ஜெர்மானிய ஹப்புக்குப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். அதை மேம்பாடு என்றுதான் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள்.

கைகளைப் பற்றிய கவலைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதிய பாகங்கள் வந்தால் ஊர் மெக்கானிக் திகைத்து நிற்பார் என்று நினைப்பது நகரத்தின் கற்பனை. 2020 ஏப்ரல் 1 முதல் புகை அளவுக்கான பிஎஸ்-6 விதி வந்தபோது பெரும்பாலான இருசக்கர வாகனங்களில் கார்பரேட்டரின் இடத்துக்கு எலெக்ட்ரானிக் எரிபொருள் ஊசி வந்தது. ஆண்டிபட்டியிலும் தேனியிலும் கடைகள் மூடிவிடவில்லை, கற்றுக்கொண்டார்கள். டிஸ்க் பிரேக்கின் குழாயில் காற்று புகுந்தால் எண்ணெயை இறக்கி ஏற்றுவது பைக் மெக்கானிக்குக்குப் பழகிப்போன வேலை. ஸ்ராம் கம்பெனியின் பல சைக்கிள் பிரேக்குகளில் ஊற்றுவது டாட் வகைத் திரவம். பைக்குகளுக்கு ஊற்றும் டாட் 4 அதற்கும் ஆகும். கடமலைக்குண்டில் வண்டி பழுது பார்க்கும் கடையில் அது கேட்டால் கிடைக்கும். ஷிமானோ பிரேக்கில் ஊற்றுவது கனிம எண்ணெய். அதில் தவறி டாட் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிப் பிரேக்கே போய்விடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். கையில் திறமை இருக்கிறது. இல்லாதது பாகமும், பாகத்தைப் பற்றிய விவரமும்தான். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி முதலான மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் வந்தன. சைக்கிள் என்று தனியே ஒன்று இல்லை. அதைப் பழுது பார்க்க ஓர் உரிமை தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு அது எளிய பொருளாகவே எண்ணப்படுகிறது. மின்சாரத்தில் கியர் மாற்றும் ஷிமானோ டி-ஐ-டூ 2009இலேயே வந்துவிட்டது. அதன் மென்பொருளைத் திறக்கச் சாவி கம்பெனியிடம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறவருக்கு ஒரு நடுவழி உண்டு. 622 அளவில் 32 துளையுள்ள அலுமினிய ரிம், நுனி வளைந்த சாதாரண வட்டக் கம்பி, பிரித்துக் கிரீஸ் வைக்கக்கூடிய கோன்-பால்ரஸ் ஹப். இந்த மூன்றையும் தனித்தனியே வாங்கி, கம்பி கோக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஒரு பொழுதில் சக்கரம் தயார். கார்பன் சக்கரத்தைவிட முந்நூறு நானூறு கிராம் கூடுதலாக இருக்கலாம். டியூப்லெஸ் டயர் ஏறும் ரிம்மாகப் பார்த்து வாங்கினால் முள்ளுக்கும் பதில் கிடைக்கும். கம்பி முறிந்தால் அந்த நீளத்தில் இன்னொன்றைக் கையோடு வைத்திருந்தால் போதும், கடமலைக்குண்டிலேயே கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். தட்டையாக வார்த்த, நுனி வளையாத கம்பிகள் கோத்த சக்கரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. தடை ஒன்றுதான். கை கோத்த சக்கரத்துக்கு ரிம்மில் ஒட்டப் பெரிய எழுத்துப் பெயர் கிடையாது. தெருவில் நிறுத்தினால் யாரும் அதன் விலையைக் கேட்க மாட்டார்கள். பாகம் மாற்றுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கேள்விக்காக மாற்றுகிறார்கள், எத்தனை பேர் வாலிப்பாறைக்கு மேலே உள்ள சரளைக்காக மாற்றுகிறார்கள் என்பதைக் கடைக்காரர்கள் ஒருவேளை ஊகித்திருப்பார்கள். வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டார்கள்.